காலியாக விட்ட வரி

போர் முடிந்து மூன்று வருடம்.
காலில் அதே கறுப்புப் பிளாஸ்டிக் செருப்பு.
துப்பாக்கி தொங்கிய தோளில்
இப்போது ஒரு தட்டச்சுப் பொறி.
இதுதான் கனம் அதிகம்.
சுடச்சுடக் குறைய
இதில் தோட்டா இல்லை.

கெரென் தாண்டி ஒரு வறண்ட ஆற்றங்கரை.
அத்தி மர நிழலில் ஜீப்பை நிறுத்தி
பேட்டரியில் ஒலிபெருக்கியைக் கோத்தான் மொகோஸ்.
"நமக்கென்று ஓர் அரசியலமைப்பு எழுதப் போகிறோம்."
ஒட்டகம் விற்க வந்தவர் கேட்டார்:
"எந்த நோய்க்கு?"

சிரித்தோம். எரித்ரியா முழுக்க
அப்போது சிரிப்பு மலிவு.

முதல் சுற்றுக் காபி வந்தது.
அடுத்தவன் வயலில் என் ஆடு மேய்ந்தால் இதில் வருமா?
பள்ளியில் என் பிள்ளைக்கு எந்த மொழி?
மகளைக் கேட்காமல் கட்டிக்கொடுத்தால்?
(இதற்கு ஆண்கள் பக்கம் இருமினார்கள்.)
முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒருவன்
எதையும் கேட்கவில்லை,
கோப்பையை மட்டும் நீட்டினான்.

மூன்றாம் சுற்றில்தான் சாலிஹா எழுந்தாள்.
இடுப்பில் குழந்தை, வாயில் முக்காட்டு நுனி.
"எழுதுகிறவர்களே இதை மீறினால்
நான் எங்கே போய்ச் சொல்ல?"
"நீதிபதியிடம்."
"நீதிபதிக்குப் பயமாக இருந்தால்?"

வெளிநாட்டில் சட்டம் படித்துவந்த ஹப்தேயாப்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மாட்டினார், மறுபடி கழற்றினார்.
"நல்ல கேள்வி. குறித்துக்கொள், லெத்தெகிதான்."

குறித்துக்கொண்டேன்.
பதிலுக்கு ஒரு வரி விட்டேன்.
எட்டிப் பார்த்தாள் அவள்.
எழுத்து தெரியாது அவளுக்கு.
வெள்ளை தெரியும்.
"அங்கே ஒன்றும் இல்லையே" என்றாள்.
"அஸ்மராவில் எழுதுவார்கள்" என்றேன்.
பொய் சொல்லவில்லை. நம்பினேன்.

அஸ்மராவில் இரவுகள் நீளமாக இருந்தன.
ஒரு வரைவு, அதன் மேல் ஒரு வரைவு,
என் விரல் நகங்களில் நாடாவின் மை.
ஒரு பிரிவில் குடிமகனுக்கு எல்லாமே
ஆண்பால் வினைமுற்றாக வந்தது.
நான் நிறுத்திவிட்டேன்.
வினைமுற்றைப் பார்த்தா வந்தது குண்டு,
என் விலாவுக்கு, என்றேன்.
அறை கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு ஹப்தேயாப் பென்சிலை எடுத்தார்.
அந்த ஒரு திருத்தம் என்னுடையது.
கல்யாணப் புடவையைப் பெட்டியில் வைத்திருப்பதுபோல்
அதை வைத்திருக்கிறேன்,
கட்ட நாள் வரவில்லை.

தொண்ணூற்றேழு மே மாதம் ஏற்றுக்கொண்டார்கள்.
கைதட்டல் தெருவரை கேட்டது.
சஹேல் மலையில் நான் மண் தள்ளிய
பதினொரு பேரை வாசற்படியில் உட்கார்ந்து
விரல் விட்டு எண்ணினேன்;
சொல்ல ஒரு சேதி இருந்தது அவர்களிடம்.

அதே வருடக் கடைசியில் புதுப் பணம் வந்தது,
மொரமொரப்பாக, கையில்.
சட்டம் வரும் என்றார்கள்.
மறு வருடம் எல்லையில் மறுபடி சண்டை,
முடிந்ததும் வரும் என்றார்கள்.
முடிந்தது.
வரும் என்ற வினைச்சொல்லுக்கு
எங்கள் ஊரில் நரைத்துவிட்டது.

நோட்டுப் புத்தகம் சோள மாவு டின்னுக்குள்.
வண்டு ஓரங்களைத் தின்றிருக்கிறது,
சாலிஹாவின் பக்கத்தை ஏனோ விட்டுவிட்டது.
போன வாரம் பேனாவோடு உட்கார்ந்தேன்,
அந்த வெள்ளை வரிக்கு எதிரே.
மின்சாரம் போனது. வந்தது. போனது.

அச்சிட்ட பிரிவுகள் எல்லாம் உறங்க,
ஆற்றங்கரையில் ஒருத்தி
குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டே கேட்ட
அந்த ஒரு கேள்விதான்
இன்றுவரை அமலில் இருக்கிறது.